திருவான்மியூர் டு பாரிமுனை: சைக்கிளில் 13 கிலோமீட்டர்

சென்னையில் இன்னமும் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள், காலை ஐந்தரை மணிக்குத் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் வந்து நின்றால் போதும். கேரியரில் பேப்பர் கட்டுகளை வைத்து மிதிக்கும் பையன்கள், டீ கேனும் பிஸ்கட் டப்பாவும் கட்டிய வியாபாரி, நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பும் செக்யூரிட்டிகள், மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து கட்டட வேலைக்குப் போகும் வடமாநில இளைஞர்கள். சனி, ஞாயிறு என்றால் ஹெல்மெட்டும் பளபளக்கும் சட்டையுமாக ஈ.சி.ஆர். நோக்கிப் பறக்கும் ஐ.டி. கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

எட்டு மணிக்கு அதே இடத்தில் நின்றால் இவர்களில் பலரைப் பார்க்க முடியாது. அவர்கள் எங்கும் போய்விடவில்லை. காருக்கும் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் நடுவே கண்ணில் படாமல் ஓரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். சைக்கிள்காரர்களுக்கு நம் சாலையில் உள்ள முதல் ஆபத்தே, அவர்கள் அங்கே இருப்பது யார் கண்ணிலும் படாததுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். பெரும்பாலோர் சாகசத்துக்காகச் சைக்கிள் எடுத்தவர்கள் அல்லர். வேலைக்கோ பள்ளிக்கோ கடைக்கோ கிளம்பியவர்கள்.

திருவான்மியூரிலிருந்து பாரிமுனை வரை சுமார் 13 கிலோமீட்டர். எல்.பி. ரோடு, அடையாறு, திரு.வி.க. பாலம், சாந்தோம், கலங்கரை விளக்கம், காமராஜர் சாலை, நேப்பியர் பாலம், கோட்டை, பாரிமுனை. நிதானமாக மிதித்தால் சிக்னல்களையும் சேர்த்து ஒரு மணி நேரம். சென்னைச் சாலைகளின் எல்லா ரகமும் இந்த ஒரே வழியில் வந்துவிடும். நான் வாரத்தில் சில நாட்கள் போகிற வழி இது. வாருங்கள், சேர்ந்து போவோம்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

வீட்டு வாசலிலேயே பாதி விபத்தைத் தவிர்த்துவிடலாம். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் காற்று போதாது. பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பிரேக் கட்டை ரிம்மில்தான் உரச வேண்டும், டயரில் அல்ல. பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, செயின் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெல் அடிக்கிறதா? அவ்வளவுதான்.

டிபன் பையை ஹேண்டில்பாரில் மாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆடுகிற பை முன்சக்கரத்தின் கம்பிகளில் மாட்டிக்கொண்டால் சைக்கிள் நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார், முன்னால் போய் விழுவார். பையைக் கேரியரில் கட்டுங்கள், அல்லது முதுகில் மாட்டுங்கள். துப்பட்டாவை முன்பக்கமாக முடிந்துகொள்ள வேண்டும். பேன்ட்டின் வலது கால் ஓரத்தை மடித்துவிட வேண்டும். வேட்டி கட்டியவர்கள் மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சொல்லி நம் ஊரில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் தார்ச்சாலையில் தலை மோதும்போது அது சைக்கிள் தலையா பைக் தலையா என்று பார்த்து மோதுவதில்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வாடி கீழே தாடையில் இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று மாட்டிய ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று ஓடிவிடும்.

எல்.பி. ரோடு: ஓரத்திலும் ஓர் அளவு வேண்டும்

திருவான்மியூரிலிருந்து அடையாறு வரை எல்.பி. ரோடு. இருபுறமும் கடைகள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள். நடுவில் மெட்ரோ வேலைக்கான தடுப்புகள். தடுப்பு வைத்த இடங்களில் சாலை சுருங்கிவிடும்.

"ஓரமா போ" என்றுதான் சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஓரம் சரிதான். ஆனால் சாலையின் கடைசி விளிம்பு ஓரம் ஆகாது. அங்கேதான் மணல் சேரும். மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடிகள் அங்கேதான் இருக்கும். கம்பிகள் நாம் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால், மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். கடையிலிருந்து திடீரென்று இறங்குகிறவர்களும், எதிர்த் திசையில் வரும் பைக்குகளும் அந்த விளிம்பில்தான் வருவார்கள்.

ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி, நேர்கோட்டில் போங்கள். ஒரு பள்ளம் வந்தால் வலது பக்கம் பாயாமல் இடது பக்கம் ஒதுங்க உங்களுக்கு அந்த இரண்டடி கைகொடுக்கும். பின்னால் வரும் டிரைவருக்கும் நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். நின்றிருக்கும் கார்களுக்கு நடுவே கிடைக்கிற சின்னச் சின்ன இடைவெளிகளில் நுழைந்து நுழைந்து வெளியே வருவதுதான் மிக மோசம். ஒரு நொடி கண்ணில் படுவீர்கள், அடுத்த நொடி மறைவீர்கள், மறுபடி வெளியே வரும்போது பின்னால் ஒருவர் வேகத்தைக் கூட்டியிருப்பார்.

மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் சாலையின் மேல் கனமான இரும்புத் தகடுகளைப் போட்டிருப்பார்கள். காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஈரமாக இருந்தால் அது எண்ணெய் தடவிய தோசைக்கல். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். தகட்டின் விளிம்பைச் சாய்வாக ஏறாமல், நேராக ஏறி நேராக இறங்குங்கள். சாலையில் அடித்த வெள்ளைக் கோடுகளும் மழையில் இப்படித்தான் வழுக்கும்.

அடையாறு சிக்னல்: இடது திருப்பம்

அடையாறு சிக்னலில் நேராகப் பாலத்துக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம். இடது பக்கம் சர்தார் படேல் சாலையில் திரும்பி ஐ.ஐ.டி., கிண்டி போகிறவர்கள் ஒரு கூட்டம். சைக்கிளில் நேராகப் போக வேண்டியவர் இடது ஓரத்தில் நிற்கிறார். அவருக்கு வலது பக்கம் நிற்கும் பஸ் இடது பக்கம் திரும்பப் போகிறது. பச்சை விழுந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் நகர்கின்றன.

பஸ் எப்படித் திரும்பும் என்பதை ஒருமுறை ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக, நடைபாதையை ஒட்டி வரும். முன்பக்கம் நமக்கு இடம் விட்டது போலத் தோன்றும். பின்பக்கம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிடும். இன்னொன்று, பஸ்ஸின் இடது முன் மூலைக்குக் கீழே இருக்கும் சைக்கிள், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தெரியாது. அவர் அலட்சியக்காரர் என்பதால் அல்ல. அவர் இருக்கையிலிருந்து அந்த இடம் மறைந்திருக்கிறது.

அதனால் சிக்னலில் பஸ்ஸுக்கோ லாரிக்கோ இடது பக்கம் போய் நிற்கவே கூடாது. ஒன்று, டிரைவர் பார்க்கும்படி நன்றாக முன்னால் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் பின்னால் நில்லுங்கள். நடுவில் நிற்பதற்கு இடமே கிடையாது.

பஸ் ஸ்டாப்பிலும் இதே கதைதான். நிற்க வரும் பஸ்ஸின் இடது பக்கம் நுழைந்து முந்தினால், இறங்குகிற பயணிகள் மேல் மோதுவீர்கள். வலது பக்கம் முந்தினால், பின்னால் வருகிற காருக்கு முன்னால் போய் விழுவீர்கள். பின்னால் நின்றால் போவது இருபது நொடிதான்.

டீக்கடையில் ஒரு பாடம்

ஒரு நாள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியபோது, அடையாறு டெப்போ பக்கத்து டீக்கடையில் ஒருவரைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும். பழைய இருபத்திரண்டு இஞ்ச் சைக்கிள். ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர் எல்லாம் இருந்தன. காக்கிச் சட்டைக்கு மேல் இரவில் மின்னும் பட்டை வைத்த செக்யூரிட்டி ஜாக்கெட் போட்டிருந்தார்.

"எங்கேர்ந்துண்ணே வர்றீங்க?"

"கண்ணகி நகர் சார். சாந்தோம் பக்கத்துல ஒரு ஆபீஸ்ல செக்யூரிட்டி. ஏழு மணிக்கு கேட்ல இருக்கணும்."

கண்ணகி நகர், பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து சாந்தோம் வரை போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி.

"பஸ் இருக்கே?"

"இருக்கு சார். வீட்டுக்காரம்மா அதுலதான் வேலைக்கு வருது. லேடீஸுக்குத்தான் ஃப்ரீயாச்சே. டிக்கெட்டு எனக்கு மட்டும்தான். ரெண்டு பஸ் மாறணும். போக வர, மாசத்துக்குக் கணக்கு போட்டா ஒரு மூட்டை அரிசி விலை வந்துடுது" என்று சிரித்தார்.

மந்தவெளிப் பக்கம் கால்வாய்க் கரையில் இருந்தவர் அவர். இருபது வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு கண்ணகி நகருக்கு மாற்றப்பட்டார். "முன்னாடி வேலைக்கு நடந்தே போயிடுவேன். இப்போ வீடு தள்ளிப் போயிடுச்சு. வேலை இங்கயே நின்னுடுச்சு. நடுவுல இருக்கறதை இவன்தான் பார்த்துக்கறான்" என்று சைக்கிளின் சீட்டைத் தட்டினார்.

இத்தனை வருடத்தில் அடிபட்டதுண்டா என்று கேட்டேன். பெரிதாக எதுவும் இல்லை என்றார். எப்படி என்றதற்கு மூன்று விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, டிரைவர் மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முன்சக்கரத்தைப் பாருங்க. ஆள் எங்கயோ பார்த்துட்டிருப்பான், வண்டி இங்க திரும்பும். சக்கரம்தான் முதல்ல சொல்லும். ரெண்டு, நான் டியூட்டி ஜாக்கெட்டைப் பையில வெக்க மாட்டேன். வர்றப்பவும் போறப்பவும் போட்டுட்டுதான் வருவேன். மூணு, பஸ்காரன்கிட்ட போட்டி போட மாட்டேன். அவனுக்கு டைம் ஆச்சு. எனக்கும் டைம் ஆச்சு. ஆனா அடிபட்டா நான்தான் படுப்பேன்."

போக்குவரத்துப் பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பாலமும் சாந்தோமும்

திரு.வி.க. பாலத்தில் ஏறியதும் காற்று மாறும். வலது பக்கம் அடையாற்றின் முகத்துவாரம். நின்று பார்க்கத் தோன்றும். நிற்காதீர்கள். பாலங்களில் ஒதுங்க இடம் கிடையாது. அகலம் குறைவான பாலத்தில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் தாராளமாக அடுத்தடுத்துப் போக முடியாது என்றால், விளிம்பில் ஒட்டிக்கொள்வதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, திடமாகப் போவது நல்லது. அதற்கு முன் திரும்பிப் பார்க்க வேண்டும், கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

திரும்பிப் பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். பலருக்குத் தலை வலது பக்கம் திரும்பினால் சைக்கிளும் வலது பக்கம் சாயும். ஆள் இல்லாத தெருவில் நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே தோளுக்கு மேல் பார்த்துப் பழகுங்கள். நான்கு நாளில் வந்துவிடும். இந்த ஒரு பழக்கத்துக்கு இணையான பாதுகாப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

சாந்தோம் நெடுஞ்சாலை குறுகலானது. 1896-ல் இப்போதைய வடிவில் எழுந்த பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம் ஒருபுறம். பள்ளிகள் வரிசையாக. காலை எட்டு மணிக்கு வேன்களும் ஆட்டோக்களும் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரத்தில் இங்கே சைக்கிள்காரர் கவனிக்க வேண்டியது கார்க் கதவுகளை.

ஓரமாக நிற்கும் காரைத் தாண்டும்போது டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தால் நம் வழி அடைபடும். கதவின் நீளம் சுமார் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டரை விட்டுத் தள்ளிப் போனால் கதவைப் பற்றிக் கவலையே இல்லை. காருக்குள் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டே போனால், திறக்கப் போகும் கதவு முன்கூட்டியே தெரியும். ஆட்டோ வேறு ரகம். அது நடுச்சாலையிலேயே நிற்கும், பயணி இடது பக்கம் இறங்குவார். ஆட்டோவுக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்து போகலாம் என்று நினைக்கும் சைக்கிள், இறங்குகிறவரின் காலில் போய் முடியும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் இருக்கையிலிருந்து இறங்கும்போது வலது கையால் கதவைத் திறக்காமல் இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாக வலது பக்கம் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். வருகிற சைக்கிள் தெரிந்துவிடும். நெதர்லாந்தில் இந்த வழக்கம் பிரபலம். செலவு எதுவும் இல்லை.

இந்த நெரிசல் வேண்டாம் என்றால் பட்டினப்பாக்கத்திலிருந்து கடலோரமாகக் கலங்கரை விளக்கம் வரை போகும் லூப் ரோடு இருக்கிறது. நொச்சிக்குப்பத்து மீன் வாசமும் வலைகளும் படகுகளும் துணைக்கு வரும். மீன் வாங்க வருகிறவர்கள் குறுக்கே நடப்பார்கள், ஆகையால் மெதுவாகத்தான் போக வேண்டும். மெதுவாகப் போகும் சாலை சைக்கிளுக்கு நல்ல சாலை. மெட்ரோ வேலைகளால் இந்தப் பக்கத்தில் ஒருவழிப் பாதைகள் அவ்வப்போது மாறும். பலகையைப் பார்த்து நுழையுங்கள். சைக்கிள்தானே என்று எதிர்த்திசையில் போகாதீர்கள். எதிரே வருகிற டிரைவர் அந்தத் திசையிலிருந்து யாரையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

காமராஜர் சாலை: அகலம் தரும் பயம்

கலங்கரை விளக்கம் தாண்டியதும் சென்னையின் மிக அழகான சாலை. வலது பக்கம் மெரினா. இடது பக்கம் 1914-ல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி, 1897-ல் விவேகானந்தர் தங்கிய பழைய ஐஸ் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழகம். காலை வெயில் கடலிலிருந்து சாய்ந்து விழும். மிதிக்க மிதிக்க மனசு விரியும்.

நெரிசல் குறைந்த இந்தச் சாலைதான் பாதுகாப்பானது என்று தோன்றும். நெரிசலில் வண்டிகள் ஊர்ந்து போகும், உரசினாலும் சிராய்ப்போடு போய்விடும். காலியான அகலச் சாலையில் எல்லோரும் பறப்பார்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் நகரும். 60-ல் வந்தால் சுமார் 17 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். டிரைவர் உங்களைப் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் முன்பே அந்த 17 மீட்டர் முடிந்திருக்கும்.

2022 கணக்கில் நாட்டிலேயே அதிகம் நடந்த விபத்து வகை, பின்னாலிருந்து மோதுவது. பின்னால் வருகிறவருக்கு நாம் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பது இதனால்தான். வெளிர் நிறச் சட்டை, பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது எலுமிச்சை மஞ்சள் மேலங்கி, எது கிடைக்கிறதோ அது. இரண்டு பேர் பேசிக்கொண்டே பக்கம் பக்கமாக ஓட்டுவதை இந்தச் சாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். கண்ணாடி இல்லாத சைக்கிள்காரருக்குப் பின்பக்கக் கண் காதுதான். மின்சார வண்டிகள் சத்தமில்லாமல் வரத் தொடங்கிய பிறகு காதை மட்டும் நம்பவும் முடியாது. தடம் மாறும் முன் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

மாலையில் திரும்பும்போது காந்தி சிலை அருகே வலது பக்கம் திரும்பி மயிலாப்பூர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக வருகிற வண்டிகளைக் குறுக்கே கடந்து சாலையின் நடுவுக்குப் போகத் தேவையில்லை. இடது ஓரமாகவே நேராகச் சந்திப்பைத் தாண்டுங்கள். அங்கே நின்று சைக்கிளைத் திருப்பிக்கொள்ளுங்கள். குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது நேராகப் போங்கள். இரண்டு தவணையில் ஒரு திருப்பம். தயக்கமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு, நடப்பவர்களோடு சேர்ந்து கடந்துவிடலாம். சைக்கிளுக்கு மட்டுமே உள்ள சலுகை இது. இறங்கினால் நீங்கள் பாதசாரி.

நேப்பியர் பாலம் தாண்டி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-லிருந்து பாறையைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டினால் கூவத்தின் மேல் நேப்பியர் பாலம். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டங்களாக வண்ணம் பூசி உலகம் முழுக்கப் பேசப்பட்ட அதே பாலம். செல்ஃபி எடுக்கிறவர்கள் சட்டென்று பிரேக் போடுவார்கள். முன்னால் போகும் பைக்குக்கும் நமக்கும் நடுவே இரண்டு சைக்கிள் நீளமாவது இடம் இருக்கட்டும்.

போர் நினைவுச் சின்னம், கோட்டை தாண்டி ராஜாஜி சாலை. வலது பக்கம் துறைமுகம். இங்கே லாரிகள் கூடும். பெரிய லாரி நம்மை உரசாமலே விழவைக்கும். அது வேகமாகத் தாண்டும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், பின்பு உள்ளே இழுக்கும். சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை உறுதியாகப் பிடியுங்கள், முழங்கையை லேசாக மடக்கிவையுங்கள், மிதிப்பதை நிறுத்தாதீர்கள். விறைத்துப் போன கை காற்றோடு சேர்ந்து ஆடும்.

பாரிமுனை வந்ததும் எல்லாமே மெதுவாகிவிடும். மீன்பாடி வண்டிகள், கைவண்டிகள், மூட்டை சுமப்பவர்கள், என்.எஸ்.சி. போஸ் ரோட்டு நடைபாதைக் கடைகள். ஆளுக்கு ஆள் கண்ணாலேயே பேசி வழிவிட்டுக்கொள்வார்கள். கார் திணறும் இந்த இடத்தில் சைக்கிள் சரளமாகப் போகும். நிறுத்தும்போது பூட்டை முன்சக்கரத்துக்கு மட்டும் போடாமல், சட்டத்தோடு சேர்த்து ஒரு கம்பத்தில் பூட்டுங்கள்.

இருட்டும் மழையும்

திரும்பும் பயணம் கொஞ்சம் கடினம். மாலைக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும். தெற்கே மிதிக்கிறவருக்கு அது எதிர்க்காற்று. களைப்பில் தலை குனியும், பார்வை முன்சக்கரத்திலேயே நிற்கும். அவசரப்படாமல் போவதுதான் மருந்து.

டைனமோ விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்து டயர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. டபுள்ஸ் போனாலும் அதே தண்டனை. இன்று யாரும் பிடிப்பதில்லை என்பதற்காக விளக்கு தேவையில்லை என்றாகிவிடாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் சின்ன விளக்குகள் சைக்கிள் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தெருவிளக்கு உள்ள நகரச் சாலையில் பின் சிவப்பு விளக்கை வாங்குங்கள். மட்கார்டிலும் பெடலிலும் உள்ள ரிஃப்ளெக்டர்களைத் துடைத்து வையுங்கள். மேலும் கீழும் ஆடுகிற பெடல் ரிஃப்ளெக்டர், "இது சைக்கிள்" என்று பின்னால் வருகிறவருக்குச் சட்டென்று சொல்லிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே விதி. அடி தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடாதீர்கள். கீழே மூடி இல்லாத குழி இருக்கலாம், அறுந்த மின்கம்பி இருக்கலாம். ரிம் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்திப் பிடித்தால் பிரேக் கட்டை தண்ணீரைத் துடைக்கும், பிறகு முழுதாகப் பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள்.

சைக்கிள்காரர் மட்டும் போதாது

இவ்வளவும் சைக்கிள் ஓட்டுகிறவர் செய்யக்கூடியது. சாலையை வகுக்கிறவர்கள் செய்ய வேண்டியது தனி. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிக் காட்டியது. நடக்கிறவர்களுக்கு எவ்வளவு மாற்றம் என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள். கண்ணகி நகரிலிருந்து சாந்தோம் வரை மிதிக்கிறவருக்கு அப்படி ஒரு தனித்தடம் கிடைத்தால் எப்படி இருக்கும்?

நெதர்லாந்து என்றாலே இன்று சைக்கிள் ஞாபகம் வரும். ஆனால் 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். அதில் நூற்றுக்கணக்கானவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள், "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்று கேட்டார்கள். தனித்தடங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் அரசுப் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் தருகிறது. அதில் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் ஓடுகிறது. சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளில் பொட்டு வைத்துப் பூச்சுற்றிப் படம் எடுப்போம். அதோடு, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்குப் போகிற அதே வழியில் பிள்ளையோடு நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் பஸ் வளையும், எங்கே குழி, எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்து வையுங்கள். திங்கட்கிழமை பிள்ளை தனியாகப் போகும்போது உங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.